ஒரு கிராமத்தின் 2009 இழப்புப் பட்டியல்: எண்கள் ஏன் இவ்வளவு விலகுகின்றன, எங்கிருந்து தொடங்குவது?

நந்திக்கடல்_காற்று கேட்டது:

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரேயொரு கிராம சேவையாளர் பிரிவை எடுத்துக்கொண்டு, 2008 செப்டெம்பர் முதல் 2009 மே 19 வரை இறுதிப் போரில் உயிரிழந்தவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் பெயர் பெயராகப் பதிய ஒரு சிறு குழு சேர்ந்திருக்கிறது. 2008இல் அந்தப் பிரிவில் ஏறக்குறைய 400 குடும்பங்கள். முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம் எண்ணில் போய் நின்றுவிட்டது. ஒருவர் 7,721 என்கிறார், இன்னொருவர் 40,000, மற்றவர் 70,000, கடைசியாக 146,679. எல்லாமே "ஐ.நா. சொன்னது", "ஆயர் சொன்னது" என்ற பெயரில்தான் வருகின்றன.

இரண்டு கேள்விகள். இந்த எண்கள் ஒன்றுக்கொன்று இருபது மடங்கு விலகுவது எப்படி? ஒரு கிராமத்துப் பட்டியல் நாளைக்கு யாராவது தூக்கி ஆராய்ந்தாலும் நிற்க வேண்டுமென்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

---

கூட்டிக்கழி:

அந்த நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு பொருள்களை எண்ணியவை. ஒரே தராசில் வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

7,721 என்பது இலங்கையிலிருந்த ஐ.நா. நாட்டுக் குழு, வன்னிக்குள் அகப்பட்டிருந்த உள்ளூர் பணியாளர்கள், மதகுருமார், தொண்டர்கள் வழியாகத் திரட்டியது. காலம் 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை. காயமடைந்தவர்கள் 18,479. யாராவது கண்ணால் கண்டு, அதை வெளியே சொல்ல வழியும் இருந்த சாவுகள் மட்டுமே அதில் இருக்கின்றன. மே 13க்குப் பிறகு எண்ணவே முடியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். செல்லடி மிக மோசமாக இருந்த கடைசி ஐந்தாறு நாட்கள் அந்தக் கணக்குக்கு வெளியே. ஆகவே அது அடிமட்ட எண், அதற்குக் கீழே போக முடியாது என்பதுதான் அதன் பொருள்.

40,000 என்பது ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 மார்ச் அறிக்கையில் வருவது. "40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை இக்கட்டத்தில் மறுத்துவிட முடியாது" என்ற கருத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். நம்பகமான எண் இல்லை என்றும் அதே இடத்தில் சொல்கிறார்கள். அந்த "வரை" என்ற சொல் செய்தித்தாளுக்கு வரும்போது உதிர்ந்துவிட்டது.

70,000க்கு மேல் என்பது ஐ.நா. தன் சொந்தச் செயற்பாட்டை மீளாய்வு செய்த 2012 நவம்பர் அறிக்கையில் உள்ளது. அங்கேயும் சொல் "கணக்கில் வராதவர்கள்".

146,679க்கு வருவோம். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு முன்னால் வைத்த கழித்தல் கணக்கு அது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) கணக்குப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர். ஐ.நா. கணக்குப்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மீதி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டார் ஆயர். இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள், அது பிழை. கேள்வியாக வைத்ததால்தான் அதற்கு இன்றுவரை வலு இருக்கிறது.

கழித்தல் கணக்கில் இரண்டு எண்களிலும் உள்ள பிழை முழுவதும் மீதியில் வந்து இறங்கும். 429,059இல் 5 வீதம் கூடக்குறைய இருந்தால் மீதி 21,000க்கு மேல் அசையும். போதாததற்கு அந்த மீதிக்குள் கொல்லப்பட்ட பொதுமக்கள், போராளிகள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள், கடல் வழியாக இந்தியா போனவர்கள், முகாமில் பதியாமல் வெளியேறியவர்கள் எல்லோரும் கலந்திருக்கிறார்கள்.

அதற்காகக் கச்சேரிக் கணக்கைத் தூக்கி எறியக் கூடாது. 2009 தொடக்கத்தில் அரசு உள்ளே 70,000 பேர் வரைதான் இருக்கிறார்கள் என்றது, உணவும் அந்த அளவுக்கே போனது. முல்லைத்தீவு நிர்வாகம் 330,000 என்றது. கடைசியில் முகாம்களுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 290,000. யாருடைய கணக்கு உண்மைக்குக் கிட்ட இருந்தது என்பது அந்த ஒரு ஒப்பீட்டிலேயே தெரியும்.

இதற்கெல்லாம் அடியில் கிடக்கிற காரணம் ஒன்று: வன்னியில் 1981க்குப் பிறகு 2012 வரை முழுமையான குடிசன மதிப்பீடு இல்லை. 1991இல் நாட்டிலேயே எடுக்கவில்லை. 2001இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுபட்டன. தொடக்கத்தில் எத்தனை பேர் என்றே உறுதியாகத் தெரியாத இடத்தில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

---

பதிவேடு:

எண்ணைப் பற்றிய பேச்சைக் கூட்டத்தில் தள்ளி வையுங்கள். 400 குடும்பம் என்பது செய்து முடிக்கக்கூடிய அளவு. ஒழுங்கு இதுதான்:

முதலில் 2008இன் வரைபடம். இப்போது இருக்கிற வீடுகளிலிருந்து தொடங்கினால் மொத்தக் குடும்பமும் அழிந்த வீடுகள் விடுபடும், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. வீடு வீடாகப் போய் எடுக்கிற எந்தக் கணக்கெடுப்புக்கும் இது பொது நோய். 2011இல் வடக்கில் அரசு எடுத்து, 2009இல் 9,000 பேர் அளவில் அசாதாரண முறையில் இறந்தார்கள் என்ற முடிவுக்கு வந்த கணக்கெடுப்பையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒழுங்கை ஒழுங்கையாக, வளவு வளவாக 2008இல் யார் இருந்தது என்று காகிதத்தில் கீறுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் ஆட்களைக் கேட்டுவிட்டு, "இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், அவர்கள் இப்போது எங்கே?" என்று கேளுங்கள். பாடசாலை வரவு இடாப்பு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, கூட்டுறவுக் கடையின் பங்கீட்டு அட்டை விவரம், இவற்றில் எது தப்பியிருந்தாலும் வரைபடத்தோடு ஒட்டிப் பாருங்கள். வெளிநாட்டுக்கும் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் போனவர்களிடம் தொலைபேசியில் கேட்காமல் பட்டியல் முடியாது.

அடுத்தது ஆளுக்கு ஒரு வரி. சம்பவத்துக்கு ஒரு வரி என்று போட்டால் பிறகு பிரிக்க முடியாது. நிரல்கள்: முழுப்பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், வீட்டுப் பெயர், இயக்கப் பெயர் (போராளியாக வைத்த பெயர்) இருந்தால் அது, பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, அடையாள அட்டை இலக்கம், 2008 வளவு இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், நாள், கண்டவர் யார் (குறியீட்டு இலக்கமாக மட்டும்), எப்படி, உடலைக் கண்டார்களா, எங்கே புதைத்தது, என்ன ஆவணம் உண்டு.

தாய் பெயர் கட்டாயம். நம் பெயர் முறையில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும், பெண் திருமணமானால் அந்த முதலெழுத்தும் மாறிவிடும். க. செல்வராணி, யோ. செல்வராணி, ராணி, மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். தாய்வீடு ஒரு பெயரில் கொடுக்கும், புகுந்த வீடு இன்னொரு பெயரில் கொடுக்கும், கனடாவிலுள்ள தமையன் மூன்றாவதாக வீட்டுப் பெயரில் கொடுப்பார். (உதாரணத்துக்குச் சொன்ன பெயர்கள்.)

பழைய அடையாள அட்டை இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 78561 என்று தொடங்கினால் 1978இல் 61ஆவது நாள் பிறந்த பெண். இங்கே ஒரு பொறி உண்டு: அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். எனவே 61 என்பது மார்ச் 1. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 2 என்று வரும், பிறப்புச் சான்றிதழோடு ஒரு நாள் இடிக்கும், வேறு ஆள் என்று பிரித்துவிடுவீர்கள். பிள்ளைகளுக்கு அட்டை இல்லை, அவர்களுக்குப் பிறப்புப் பதிவும் பாடசாலை இடாப்பும்தான்.

நாள் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, "மாத்தளன் பிடிபட்டதுக்கு முதல் நாள்" என்பார்கள். சம்பவ நாட்காட்டி ஒன்றை முதலே அச்சடித்துக் கையில் வையுங்கள்: கிளிநொச்சி வீழ்ந்தது 2009 ஜனவரி 2, பொதுமக்களுக்கென்று அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் ஜனவரி 21 (சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம்), இரண்டாவது வலயம் பெப்ரவரி 12, புதுமாத்தளன் மண் அணையை இராணுவம் உடைத்தது ஏப்ரல் 20, மூன்றாவது வலயம் மே 8. நாள் நிரலுக்குப் பக்கத்தில் "உறுதி / கிட்டத்தட்ட / எந்தக் கிழமை என்று மட்டும் தெரியும்" என்று இன்னொரு நிரல் போடுங்கள். சொன்னவர் சொல்லாத துல்லியத்தை நீங்கள் எழுதக் கூடாது.

---

நந்திக்கடல்_காற்று:

மிக்க நன்றி. குழுவில் ஒருவர் சொல்கிறார்: 2.4 காயத்துக்கு ஒரு சாவு என்பது ஐ.நா. கணக்கிலேயே வருகிறது, மருத்துவமனைக் காயக் கணக்கை 2.4ஆல் பிரித்தால் போதும், இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று. இன்னொருவர், பட்டியலில் விடுபட்டவர்களை இரண்டு பட்டியலை ஒப்பிட்டே மதிப்பிடலாம் என்கிறார். இவை சரியா?

---

மேற்படிவு:

முதலாவது வேண்டாம். காயத்துக்கும் சாவுக்கும் உள்ள விகிதம் இடத்துக்கு இடம் மாறும். மருந்தும் இரத்தமும் இருக்கிறபோது காயக்காரர் பிழைப்பார், அவை தீர்ந்த பிறகு அதே காயம் சாவாகும். புதுக்குடியிருப்பு மருத்துவமனை இயங்கிய ஜனவரிக்கும் முள்ளிவாய்க்காலின் மேக்கும் ஒரே விகிதம் போட்டால், சாவு எங்கே மிக அதிகமோ அங்கேயே குறைத்துக் காட்டும்.

இரண்டாவது நல்ல முறை, கவனமாகச் செய்தால். பிடித்த மீனுக்குக் குறி போட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கும்போது குறியுள்ளவை எத்தனை என்று பார்த்துக் குளத்தில் மீன் எண்ணுகிற கணக்குத்தான். தேவாலயக் குழு ஒன்று 600 பெயர் சேர்த்திருக்கிறது, உறவினர் சங்கம் ஒன்று தனியாக 400 பெயர் சேர்த்திருக்கிறது, இரண்டிலும் உள்ளவர்கள், அதாவது மேற்படிவு, 120 என்று வையுங்கள். 600 × 400 ÷ 120 = 2,000. இரு பட்டியலிலும் சேர்த்துக் கையில் இருப்பது 880 பெயர், மீதி 1,120 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று மதிப்பீடு சொல்கிறது.

இனி கெட்டுப்போகிற இடங்கள். பதிவேடு சொன்ன பெயர்ச் சிக்கலால் 30 பேரைப் பொருத்தத் தவறினீர்கள் என்றால் மேற்படிவு 90 ஆகும், விடை 2,667. மாறாக, ஒரே பெயருள்ள வெவ்வேறு 30 பேரை ஒன்றாக்கிவிட்டால் மேற்படிவு 150, விடை 1,600. முப்பது பெயர்ப் பொருத்தம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிசகினால், இரு விடைகளுக்கும் இடையில் ஆயிரம் பேருக்கு மேல் வித்தியாசம். ஆகவே பொருத்துகிற வேலையை இருவர் தனித்தனியாகச் செய்து, உடன்படாத சோடிகளை மூன்றாமவர் பார்க்க வேண்டும்.

அடுத்தது சார்பு. ஒரு பட்டியலைப் பார்த்தே மற்றது எழுதப்பட்டிருந்தால், அல்லது ஒரே பங்குத்தந்தை இரண்டுக்கும் ஆட்களை அனுப்பியிருந்தால், மேற்படிவு செயற்கையாகக் கூடும், விடை குறையும். ஒரு பட்டியலில் போராளி குடும்பங்கள் மட்டும், மற்றதில் அரச உத்தியோகத்தர் குடும்பங்கள் மட்டும் என்று பிரிந்திருந்தால் மேற்படிவு சுருங்கி விடை வீங்கும். இரண்டு பட்டியலை மட்டும் வைத்து இந்தச் சார்பைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மூன்றாவது வேண்டும், நான்கு என்றால் நல்லது.

நம் விடயத்திலேயே இந்த முறை ஓரிடத்தில் நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டமும் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் 2018 டிசெம்பரில், 2009 மே 17 முதல் 19 வரை இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 500 பேர் என்று மதிப்பிட்டன. மூன்று நாள், ஒரே வகைச் சம்பவம் என்று கேள்வியை இறுக்கமாகக் கட்டியதுதான் அதன் பலம்.

அகலமாகப் போனால் என்னாகும் என்பதற்குப் பெரு நாடு இருக்கிறது. 1980 முதல் 2000 வரையான போருக்கு அவர்களின் உண்மை ஆணைக்குழு கையில் 24,000 பெயர் அளவில் வைத்துக்கொண்டு 2003இல் 69,280 என்று மதிப்பிட்டது. 2019இல் அதே தரவை மறுபடி ஆராய்ந்த ஓர் ஆய்வு 48,000 அளவில் என்றது. விவாதம் இன்னும் தீரவில்லை. அந்தப் பெயர்களை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. உங்கள் 400 குடும்பத்துக்கு இந்த முறையே தேவைப்படாது, முழுக்க எண்ணிவிடலாம். உங்கள் பட்டியல் நாளைக்கு மாவட்ட அளவில் ஒரு பட்டியலாகச் சேரும்போதுதான் இதன் தேவை வரும்.

---

பாலைநிழல்:

மன்னிக்க வேண்டும், ஒரு பயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி ஆவணம் ஆவணமாகப் பார்த்தால் கடைசியில் சிறிய எண்தான் நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு "பாருங்கள், இவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்பார்கள். பெரிய எண்ணை விட்டுக்கொடுப்பது இறந்தவர்களை விட்டுக்கொடுப்பது ஆகாதா?

---

கூட்டிக்கழி:

பாலைநிழல், உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பொஸ்னியாவில் நடந்ததைப் பாருங்கள். போர் முடிந்தபோது 200,000, 250,000 என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவர்களின் அரசும் சொன்னது. சரயேவோவில் மிர்சாத் தோக்காச்சா என்பவரின் ஆய்வு, ஆவணப்படுத்தல் நிலையம் வருடக்கணக்காக இருந்து பெயர் பெயராகச் சேர்த்தது: 95,940. முதலில் அவரைத் துரோகி என்றார்கள். பிறகு முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஹேக் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் பக்கத்து ஆய்வாளர்கள் தனியாக மதிப்பிட்டபோது 104,732 வந்தது. இரண்டும் கிட்டக்கிட்ட. எண் பாதியானதால் குற்றம் பாதியாகவில்லை. யார், எந்த இனம், எந்த மாதம், எந்த ஊர் என்று பிரித்துக் காட்ட முடிந்ததால், இரு தரப்பும் சமமாகச் செத்தது என்ற வாதம் நிற்க முடியாமல் போனது. 250,000 என்ற வெறும் எண்ணால் அதைச் செய்திருக்க முடியாது.

வீங்கிய எண் எதிரிக்கு எப்படி வாய்ப்பாகும் என்பதற்கு ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரம். 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சுக்குப் பிறகு பொலிஸ் அறிக்கையில் மீட்ட உடல்கள் 20,204 என்று இருந்ததற்குக் கடைசியில் ஒரு பூச்சியம் ஒட்டி 202,040 ஆக்கினார்கள். 2010இல் வரலாற்றாசிரியர் குழு முடிவாகச் சொன்னது அதிகபட்சம் 25,000. நடுவில் அறுபது வருடம் அந்தப் பூச்சியத்தைப் பற்றியே பேச்சு, எரிந்து செத்தவர்களைப் பற்றி அல்ல.

உங்கள் பட்டியலின் முதல் பக்கத்தில் "இது பெயர் உறுதியானவர்களின் எண்ணிக்கை, இறந்தவர்களின் மொத்தம் அல்ல" என்று தடித்த எழுத்தில் போட்டு, விசாரிக்க முடியாமற் போன வளவுகளின் எண்ணிக்கையையும் அதற்குக் கீழே போடுங்கள். யாராவது வெட்டி எடுத்துக் காட்டினாலும் அந்த இரண்டாவது எண் கூடவே போகும்.

---

மண்ணும்_எலும்பும்:

புதைத்த இடம் பற்றிய நிரலுக்காக ஒரு சில சொல்.

செய்மதிப் படம் ஓரளவுதான் உதவும். 2009 மே படங்களில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் மூன்று இடுகாடுகளில் 1,300க்கு மேற்பட்ட புதைகுழிகளை அடையாளம் கண்டது. வரிசையாக வெட்டிய குழிதான் மேலிருந்து தெரியும். பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிய குடும்பம் தெரியாது. எனவே "தறப்பாள் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த பங்கர், கடற்கரையிலிருந்து இத்தனை அடி, எந்தப் பனைக்குக் கிட்ட" என்ற அளவுக்குச் சாட்சி சொன்னதை அப்படியே எழுதுங்கள். எத்தனை பேரை ஒன்றாகப் போட்டார்கள் என்பதும் வேண்டும்.

தயவுசெய்து யாரும் தோண்டக் கூடாது. நீதிமன்ற உத்தரவில்லாமல் கிளறிய குழி சாட்சியாக நிற்காது. எலும்பு கலந்தால் எண்ணிக்கையும் போய்விடும். எண்ணுகிற முறை இது: ஒரு குழியில் வலத் தொடை எலும்பு 37, இடத் தொடை எலும்பு 41 என்றால் குறைந்தது 41 பேர். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் கொன்று புதைத்தவர்களை இரண்டொரு மாதத்தில் புல்டோசரால் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதனின் எலும்பு பல கிலோமீற்றர் இடைவெளியில் வெவ்வேறு குழிகளில் கிடந்தது. மண்டையோட்டை எண்ணியிருந்தால் ஒரு கணக்கு, காலை எண்ணியிருந்தால் இன்னொரு கணக்கு. உறவினரின் இரத்த மாதிரிகள் 20,000க்கு மேல் எடுத்து மரபணு ஒப்பிட்டுத்தான் 7,000 பேர் அளவில் பெயர் சொல்ல முடிந்தது. காணாமற் போனோர் பட்டியலைப் போருக்குப் பிந்திய வாக்காளர் இடாப்போடும் ஒப்பிட்டார்கள், உயிரோடு இருக்கிற யாராவது பட்டியலில் நுழைந்துவிட்டார்களா என்று. பத்துப் பேர்கூடத் தேறவில்லை. அந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள், 2010க்குப் பிந்திய வாக்காளர் இடாப்பை வைத்து.

முல்லைத்தீவில் கிடைத்தது என்பதாலேயே 2009 என்று எழுதிவிடவும் கூடாது. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டும்போது வெளிப்பட்ட குழியில் மொத்தம் 52 எலும்புக்கூடுகள். அவை 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று ஆய்வறிக்கை சொன்னது. மன்னாரில் சதொச (அரச விற்பனை நிலைய) வளவில் 300க்கு மேல் எடுத்த பிறகு காபன் ஆய்வு 15 முதல் 17ஆம் நூற்றாண்டுவரை என்று வந்து, அதை ஏற்க மறுத்தவர்களும் இருக்க, விடயம் அந்தரத்தில் நிற்கிறது.

---

நந்திக்கடல்_காற்று:

கடைசியாக ஒன்று. சரணடைந்த பிள்ளையை ஒப்படைத்த தாய்மார் பலர் "இறந்தவர்" என்ற சொல்லையே ஏற்கமாட்டார்கள். காணாமற் போனவரை இறந்தவராகப் பதிய இடம் கொடுத்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரணச் சான்றிதழ் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களை எந்த நிரலில் போடுவது?

---

பதிவேடு:

நிலை என்று தனி நிரல் போட்டு மூன்றே விடை வையுங்கள்: உடலைக் கண்ட சாவு, உடலைக் காணாத ஆனால் சாட்சி உள்ள சாவு, உயிரோடு கையளித்த அல்லது கடைசியாக உயிரோடு கண்ட பின் காணாமல் ஆக்கப்பட்டவர். மூன்றாமவரை முதல் இரண்டோடு ஒருபோதும் கூட்டிச் சொல்லாதீர்கள்.

மரணச் சான்றிதழ் நிலையை மாற்றாது. நிவாரணத்துக்காக, காணி மாற்றத்துக்காக, பிள்ளையின் படிப்புக்காக எடுத்திருப்பார்கள். 2016க்குப் பிறகு, இறந்ததாகச் சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்கிற காணப்படாமைச் சான்றிதழும் உண்டு. எது எடுத்தார்கள், எந்த வருடம், காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆவண நிரலில் மட்டும் பதியுங்கள். நிலை நிரலில் தாய் சொன்னது நிற்கட்டும்.

சாட்சிகளின் பெயரும் குறியீட்டு இலக்கமும் சேர்ந்திருக்கிற தாள் ஒன்றேயொன்று, அது பட்டியல் இருக்கிற கணினியில் இருக்கக் கூடாது. வட்டுவாகலில் பிள்ளைகளை இராணுவத்திடம் கையளித்ததைக் கண்டவர்கள் இன்னும் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். பெயரை வெளியிடலாமா, குழுவோடு மட்டும் வைக்கலாமா, நீதிமன்றம் கேட்டால் மட்டும் கொடுக்கலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொன்ன நாளோடு பதிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மனம் மாறினால் மாற்ற முடியும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.